பரீட்சை மண்டபம் மஹ்ஷர் மைதானமல்ல

சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில், பரீட்சைக்கு முந்தைய மாதம் தனியொரு மாதம். பேச்சுச் சத்தம் குறைந்துவிடும். அடுப்பில் தேநீர் ஏறும் தடவை கூடிவிடும். பஜ்ருக்கு எழுகிற உம்மா, பிள்ளையின் அறையில் விளக்கு இன்னும் அணையாமல் எரிவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "சோறும் இறங்கவில்லை, ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறது, இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது?" என்று முறையிடுவார். "ஒழுங்காகத் தொழுது துஆச் செய்யச் சொல்லு, எல்லாம் சரியாகிவிடும்" என்று வாப்பா பதில் சொல்வார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அத்தோடு முடிந்துவிடலாகாது என்பது நம் எண்ணம். துஆவின் வலிமையில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அந்தக் கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவே இன்னொரு கேள்வி பதுங்கிக் கிடக்கிறது. கவலைப்படுவது ஈமானின் குறைவா? அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டிவிட்ட ஒருவருக்குப் பல்கலைக்கழகப் பரீட்சையை நினைத்து நெஞ்சு படபடக்கலாமா? படபடக்கிறதே என்பதற்காகவே, தம் நம்பிக்கையில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று நம் பிள்ளைகள் பலர் உள்ளுக்குள் குமைகிறார்கள். பாடத்தைப் பற்றிய கவலை ஒன்று. கவலைப்படுகிறோமே என்ற கவலை இரண்டாவது. ஒரு சுமையை இறக்கி வைக்கப் போனவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றி அனுப்புவது நியாயமாகுமா?

இதை அலசிப் பார்ப்பதற்கு முன், முதல் சுமை எத்தகையது என்று பார்த்துவிடுவோம்.

சுமை கற்பனையல்ல

பரீட்சைக்குப் பயப்படாதே என்று சொல்வது எளிது. அந்தப் பிள்ளையின் மேசையில் என்ன கிடக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், அரசியல் சட்டம், குடும்பச் சட்டம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றிலும் பிரிவு எண் தெரிய வேண்டும். பிரிவின் வாசகம் தெரிய வேண்டும். அதை விளக்கிய வழக்கின் பெயர் தெரிய வேண்டும். நீதிபதிகள் ஏன் அப்படித் தீர்ப்பளித்தார்கள் என்ற காரணமும் தெரிய வேண்டும்.

இது போதாதென்று, 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் மூன்று பெரிய சட்டங்கள் மாறிவிட்டன. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இருந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் அதே நாளில் புதிய சட்டங்களுக்கு இடம் விட்டன. தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள் இருந்தன, புதியதில் 358. கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 302ஆக இருந்தது, இப்போது 103. ஏமாற்றுக்காரனை 'நானூற்று இருபது' என்று ஊரே ஏசுகிறதே, அந்த 420 இப்போது 318ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. ஆனால், அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஆகவே, நேற்றைய எண்ணை மறந்துவிடவும் முடியாது. இன்றைய எண்ணைத் தள்ளிவைக்கவும் முடியாது.

மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா என்றால் அதுவும் போதாது. சட்ட வினாத்தாளில் கதைபோல ஒரு சிக்கலைக் கொடுத்து, யாருக்கு என்ன உரிமை, ஏன் என்று கேட்பார்கள். பொருந்துகிற பிரிவைத் தேடியெடுத்து, கதையின் மேல் வைத்துப் பார்த்து, முடிவு சொல்ல வேண்டும். பட்டம் பெற்ற பின்னும் ஓய்வில்லை. வழக்கறிஞராகத் தொழில் நடத்த, 2011 முதல் நடைபெற்று வரும் அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும்.

இத்தனைக்கும் மேல் நம் பிள்ளைகளில் பலருடைய நிலையைச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் கறுப்பு அங்கி போடப்போகும் முதல் ஆள் அவர்தான். சந்தேகம் கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவருக்கு இங்கே ஆங்கிலத்தோடும் இலத்தீன் மொழிச் சொற்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. எனவே சுமை உண்மையானது. உண்மையான சுமையைத் தூக்குகிறவருக்குத் தோள் வலிக்கத்தான் செய்யும். அந்த வலிக்கு ஈமானின் குறைவு என்று பெயர் வைக்கலாமா?

நெஞ்சு நெருக்கடி நபிமார்களுக்கும் வந்தது

மூஸா (அலை) அவர்களை பிர்அவ்னிடம் செல்லுமாறு இறைவன் பணித்தபோது நடந்ததை நாம் அறிவோம். தம்மைப் பொய்யாக்கிவிடுவார்கள் என்று அஞ்சுவதாகவும், தம் நெஞ்சு நெருக்கடிக்குள்ளாவதாகவும், தம் நாவு சரளமாகப் பேசாது என்றும் அவர்கள் தம் இறைவனிடமே எடுத்துச் சொன்னார்கள். நெஞ்சை விரிவாக்கித் தரும்படியும், நாவின் முடிச்சை அவிழ்த்துவிடும்படியும் வேண்டினார்கள். அந்த துஆவைத்தான் நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் புறப்படும்போது ஓதுகிறார்கள். ஓதுகிற நாம் அதன் உட்பொருளைக் கவனித்தோமா? அது அச்சமே இல்லாதவர் கேட்ட துஆ அல்ல. அச்சத்தை மறைக்காமல் சொன்னவர் கேட்ட துஆ.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூஸா (அலை) அவர்கள் துஆவோடு நின்றுவிடவில்லை. தம்மைவிடச் சரளமாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குத் தருமாறு கேட்டார்கள். அந்தக் கோரிக்கையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே, புரியாத பாடத்துக்கு ஆசிரியரையோ, மூத்த மாணவரையோ, உடன் படிக்கும் தோழரையோ நாடுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. நபிமார்கள் காட்டிய வழி அது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவற்றையெல்லாம் விட்டு இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள் என்று பாருங்கள். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல் ஆகியவை ஒரே துஆவில் வரிசையாக வருகின்றன. கவலை என்பது மனிதனின் மேல் வந்து இறங்குகிற ஒன்று என்பதும், அதிலிருந்து பாதுகாப்புத் தேடுவதே முறை என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. நோய் வந்தவரை நாம் குற்றவாளியாக்குவதில்லை. மருந்து தேடித் தருகிறோம். அதே துஆவில் சோம்பலும் இடம்பெற்றிருப்பதை வசதியாக மறந்துவிடவும் கூடாது. புத்தகத்தைத் திறக்காமல் கவலை மட்டும் பட்டுக்கொண்டிருப்பவர், பாதி துஆவைத்தான் கேட்டிருக்கிறார்.

கொஞ்சம் கவலை இருந்தால்தானே படிப்பு ஓடும் என்று கேட்பாரும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. 1908ஆம் ஆண்டில் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் எலிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். கடினமான பாடத்தைக் கற்கும்போது, மிதமான தூண்டுதல் பெற்ற எலிகள் விரைவில் கற்றுக்கொண்டன. தூண்டுதல் மிகக் கடுமையானபோது கற்பது தாமதப்பட்டது. எலிக்கும் மனிதருக்கும் வேறுபாடு உண்டு என்றாலும், நம் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. விளக்குக்கு எண்ணெய் வேண்டும். திரியே மூழ்கிப்போகும் அளவுக்கு ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவது காரியந்தான்.

எது நம் கணக்கு?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்ற நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லை. ஆயினும் அதைப் பாதியாகவே புரிந்துகொள்கிறோம். கட்டாமல் விட்டவரைக் கண்டிக்க அதை எடுத்துச் சொல்கிறோம். கட்டிவிட்ட பிறகும் இரவெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் அதில் பாடம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். கட்டுவது நம் வேலை. அதற்கு அப்பால் உள்ளது நம் வேலையல்ல.

பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளை ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்துப் பார்க்கட்டும். என்ன கேள்வி வரும், விடைத்தாளை யார் திருத்துவார், அடுத்த இருக்கைக்காரர் எவ்வளவு எழுதுவார், முடிவு வந்ததும் மாமி வீட்டில் என்ன பேசுவார்கள் என்பவை ஒரு பக்கம். இன்றைக்கு அஸருக்குள் எந்தப் பாடத்தை முடிப்பது, எதைப் பாராமல் எழுதிப் பார்ப்பது, எத்தனை மணிக்குப் படுப்பது என்பவை மறுபக்கம். நெஞ்சைப் பிசைகிற கவலைகளில் பெரும்பகுதி முதல் பக்கத்தில் இருப்பது தெரியவரும். இறைவனுடைய கணக்குப் புத்தகத்தை நாம் எடுத்து வைத்துக்கொண்டு, கூட்டல் வரவில்லையே என்று அழுகிறோம்!

இங்கே ஒரு கேள்வி எழும். முடிவு என் கையில் இல்லை என்றால் நான் ஏன் உயிரைக் கொடுத்துப் படிக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். மதிப்பெண்ணுக்காக மட்டும் படிப்பவருக்கு இதற்கு விடை கிடைப்பது கடினம். சட்டம் படிப்பவருக்கோ விடை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அவர் படிப்பது தமக்காக மட்டுமல்ல.

இன்றைக்கு அவர் தூக்கக் கலக்கத்தோடு புரட்டுகிற அந்தப் பக்கத்தை, பத்தாண்டு கழித்து ஒரு விதவை கையில் பத்திரமாக எடுத்துக்கொண்டு வருவார். பங்கு கொடுக்காத மைத்துனர்களைப் பற்றிச் சொல்வார். செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருக்கும் மகனுக்கு ஜாமீன் கேட்டு ஒரு தகப்பன் வாசலில் நிற்பார். அந்த வேளையில் அந்தப் பிரிவு வழக்கறிஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமற்போனால் இழப்பு வேறொருவருக்கு. எனவே சட்ட அறிவு ஓர் அமானத். அமானத்தைச் சுமப்பதற்கான ஆயத்தம் என்ற நிய்யத்தோடு படித்தால், முடிவு எப்படி வந்தாலும் படித்த நேரம் வீணாவதில்லை. தேர்வு தவறிப்போனாலும் அந்த அறிவு தவறிப்போவதில்லை.

இந்த நிய்யத் அச்சத்தை முற்றாகப் போக்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அச்சத்தின் முகத்தைத் திருப்பும் என்கிறோம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கலீபா மன்ஸூர் அளிக்க முன்வந்த காஜி பதவியை ஏற்க மறுத்துச் சிறைப்பட்டு, ஹிஜ்ரி 150இல் பாக்தாதில் காலமானார்கள். சட்டக் கலையின் சிகரத்தில் நின்ற அவர்களும் நீதி வழங்கும் பொறுப்பை நினைத்து அஞ்சினார்கள். ஆனால் அது, ஊர் நம்மைப் பற்றி என்ன பேசும் என்ற அச்சமல்ல; பிறர் உரிமைக்கு நம்மால் பங்கம் வந்துவிடுமோ என்ற அச்சம். முதல் வகை அச்சம் மனிதனைக் குறுக்கும். இரண்டாம் வகை அவனை ஒழுங்குபடுத்தும்.

தெரியாதது இருக்கிறதே என்று மருகுகிறவர்கள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களை நினைத்துக்கொள்ளட்டும். 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32 கேள்விகளுக்குத் தமக்குத் தெரியாது என்று அவர்கள் பதிலளித்ததாக அறிவிப்பு உண்டு. மதீனாவின் பேரறிஞருக்கே தெரியாதவை இருந்தன என்றால், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு பாடங்கள் விட்டுப்போனது உலக முடிவாகுமா?

அச்சம் முற்றும்போது குறுக்கு வழிகளும் கண்ணில் படும். துண்டுச் சீட்டு, அடுத்தவர் தாள், காசு கொடுத்து வாங்கும் கேள்வித்தாள் என்று சொல்லத் தேவையில்லை. எந்தப் பரீட்சையிலும் இது தவறுதான். சாட்சியச் சட்டப் பரீட்சையில் பார்த்து எழுதுகிறவரோ, நீதிமன்றப் படியை மிதிக்கும் முன்னமேயே தம் முதல் பொய்ச் சாட்சியத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார். அதைவிடத் தோற்பது மேல்.

ஹாபிளின் முறை நமக்குத் தெரிந்ததுதான்

எப்படிப் படிப்பது என்பதிலும் நம் வீடுகளில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. குர்ஆனை மனனம் செய்கிற பிள்ளைகளை நாம் பார்த்து வருகிறோம். எந்த உஸ்தாதும் முப்பது ஜுஸ்வையும் ஒரே வாரத்தில் ஓதிவரச் சொல்வதில்லை. அன்றன்றைக்குப் புதிய பாடம் கொஞ்சம். சென்ற சில நாட்களின் பாடம் ஒரு தடவை. பழைய ஜுஸ்வுகளிலிருந்து முறைவைத்து ஒரு பங்கு. இவையெல்லாம் கிதாபை மூடிவைத்துவிட்டு, உஸ்தாதின் முன் உட்கார்ந்து ஓதிக்காட்ட வேண்டும். தடுக்கிய இடத்தில் அவர் எடுத்துக் கொடுப்பார்.

இந்த முறையின் சிறப்பை இன்றைய ஆராய்ச்சியும் காட்டுகிறது. 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் மாணவர்களை இரு வகையாகப் படிக்க வைத்தார்கள். ஒரு வகையினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மற்றவர் வாசித்ததை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஐந்தாவது தடவையாகக் கோடிட்டு வாசிக்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரிந்ததுபோல ஒரு மயக்கம் உண்டாகிறது. மண்டபத்தில் அந்த மயக்கம் கலைகிறபோதுதான் கை நடுங்குகிறது.

ஓர் உதாரணம் காட்டுவோம். குடும்பச் சட்டத்தில் வாரிசுரிமை வருகிறது. பாகப் பிரிவினை விதிகளைப் பத்துத் தடவை வாசிப்பதைவிட, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது மேல். ஒருவர் மனைவியையும், ஒரு மகனையும், இரண்டு மகள்களையும் விட்டு இறந்தார். வேறு வாரிசு இல்லை. கடனும் வஸிய்யத்தும் இல்லை. சொத்தை 32 பங்காக்கினால், பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 4 பங்கு. மீதி 28. ஆணுக்கு இரு பெண்களின் பங்கு என்ற முறையில் மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. கூட்டினால் 32 சரியாக வருகிறது. புத்தகத்தை மூடிவிட்டு இதை ஒரு முறை போட்டவருக்கு விதி கையில் ஏறிவிடும். வாப்பாவிடமோ உம்மாவிடமோ இதைச் சொல்லிக் காட்டலாம். சட்டம் தெரியாதவருக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால், தமக்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவு முழுதும் விழித்திருப்பதை நாம் தியாகம் என்று போற்றுகிறோம். பள்ளியின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருந்ததை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். தொழுது களைத்தபோது பிடித்துக்கொள்வதற்காக ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியது அது. அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள்; உற்சாகம் இருக்கும்வரை தொழுது, களைத்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று கற்பித்தார்கள். இரவெல்லாம் நின்று வணங்க நினைத்த அபூதர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் முதலில் உறங்கச் சொல்லி, உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய கடமைகளை நினைவூட்டினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைச் சரியென்று ஒப்புக்கொண்டார்கள். வணக்கத்துக்கே இந்த அளவு என்றால் சொத்து மாற்றுச் சட்டத்துக்கு எந்த அளவு? படித்தது மனத்தில் படிவதற்குத் தூக்கம் துணைசெய்கிறது என்பதை மருத்துவமும் ஒப்புகிறது. தூக்கத்தை விரட்ட மாத்திரை தேடுகிற பிள்ளை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைதான். அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுவது வீட்டாரின் கடமை.

பரீட்சைக் காலத்தில் தொழுகை நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று எண்ணுகிறவர்கள், தாம் ஒரு நாளில் கைபேசியில் செலவழிக்கும் நேரத்தைக் கணக்கெடுத்துப் பார்க்கட்டும். ஐந்து வேளைத் தொழுகை பர்ளு என்பதற்காகவே நிறைவேற்றப்படுவது. அதோடு, குனிந்தே கிடந்த முதுகு நிமிரவும், எரியும் கண்ணில் தண்ணீர் படவும், பூமியில் நெற்றியை வைத்து நான் அடிமைதான் என்று நினைவுகொள்ளவும் அது வாய்ப்பாகிறது. ஆனால், இத்தனை ரக்அத் தொழுதேன், இத்தனை மதிப்பெண் தா என்று பேரம் பேசுவது துஆவாகாது. அப்படிப் பேரம் பேசியவர், முடிவு தவறினால் பரீட்சையோடு தொழுகையையும் இழந்துவிடுவார்.

வீட்டாரின் பங்கு

பெற்றோரிடம் சில வார்த்தைகளை மனம்விட்டுச் சொல்ல விரும்புகிறோம். பிள்ளையின் கவலையில் பாதி பாடப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. நம் வாயிலிருந்து வருகிறது. "உனக்காகத்தானே நகையை அடகு வைத்தோம்" என்று ஒருவர் சொல்கிறார். "உன் பெரியத்தா மகன் ஒரு பேப்பரும் விடாமல் பாஸ் பண்ணினானே" என்று இன்னொருவர். "நீ தவறிப்போனால் ஜமாஅத்தில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?" என்று வேறொருவர். இவையெல்லாம் ஊக்கம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கேட்கிற பிள்ளைக்கு இவை கல்லாக விழுகின்றன. நம் மானத்தை ஏன் அந்தப் பிள்ளையின் விடைத்தாளில் கட்டித் தொங்கவிட வேண்டும்?

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். மகனுக்குப் பரீட்சை என்றால் வீடே ஓசையடங்கிவிடும். மகளுக்குப் பரீட்சை என்றால், விருந்தாளிக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் படி என்கிறோம். பத்தனம்திட்டாவில் பிறந்த பாத்திமா பீவி அவர்கள், 1950இல் வழக்கறிஞர் கழகத் தேர்வில் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார்கள். 1997 முதல் 2001 வரை தமிழகத்தின் ஆளுநராகவும் இருந்தார்கள். சட்டம் படிக்கும்படி ஊக்கம் கொடுத்தவர் அவருடைய தகப்பனார். எல்லாப் பெண்ணும் அந்த உயரத்தைத் தொட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. படிப்பதற்கு ஒரு மூடிய கதவும் இரண்டு மணி நேர அமைதியும் மகளுக்கும் உரியவை என்பதற்காகச் சொல்கிறோம்.

சொல்லக் கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பரீட்சைக்கு அஞ்சியும் முடிவுக்கு அஞ்சியும் உயிரை மாய்த்துக்கொள்ளும் மாணவர்களைப் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. அது ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். மூழ்கிக்கொண்டிருப்பவரிடம் மூழ்குவது ஹராம் என்று கரையில் நின்று சொல்வது போதுமா? கை நீட்ட வேண்டாமா?

நம் பிள்ளைகள் படிக்கிற சட்டமே இதில் நமக்குப் பாடம் சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை வைத்திருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தன் 115ஆம் பிரிவில், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் சொன்னது. 2024இல் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இல்லை. பொது ஊழியரைப் பணியவைப்பதற்காகச் செய்யப்படும் முயற்சி மட்டுமே குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தண்டிக்க நினைத்த சட்டம் இரங்கக் கற்றுக்கொண்டது. பெற்ற வயிறு கற்றுக்கொள்ளக் கூடாதா?

பிள்ளை பல நாள் உறங்காமலிருந்தால், உண்ணாமலிருந்தால், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், இருந்து என்ன பயன் என்ற சொல் வாயில் வந்தால், அதை அலட்சியம் செய்யக் கூடாது. முதலில் பக்கத்தில் உட்காருங்கள். அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் பேசலாம். மூஸா (அலை) அவர்கள் ஹாரூன் (அலை) அவர்களைக் கேட்டதை இந்த இடத்திலும் நினைவுகொள்வோம். ஓதிப் பார்க்கிறவர் ஓதட்டும், மருத்துவரையும் நாடுங்கள். ஒன்று மற்றொன்றுக்கு எதிரியல்ல.

தவறிய பாடத்தை அடுத்த பருவத்தில் எழுதலாம். தவறிய ஆண்டை அடுத்த ஆண்டில் ஈடு செய்யலாம். தவறிவிட்டது என்று பிள்ளை வந்து சொல்கிற நாளில், நம் வாயிலிருந்து வருகிற முதல் சொல் எதுவாக இருக்கும் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்வோம். "சாப்பிட்டாயா?" என்பதாக அது இருக்கட்டும். மற்றதையெல்லாம் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

பரீட்சை மண்டபம் மஹ்ஷர் மைதானமல்ல. மூன்று மணி நேரத்தில் முடிகிற காரியம் அது. மறுபடியும் எழுத இடமுள்ள காரியம். மறுபடியும் எழுத இடமில்லாத அந்த நாளில், ஆயுளை எப்படிக் கழித்தாய், கற்ற அறிவைக் கொண்டு என்ன செய்தாய் என்று நம் பிள்ளைகளிடம் கேட்கப்படும். எத்தனை மதிப்பெண் வாங்கினாய் என்ற கேள்வி அங்கே இல்லை. நம்மிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்று எச்சரிக்கப்பட்டிருக்கிறோம். உன்னிடம் ஒப்படைத்த பிள்ளை நெஞ்சு நெருக்கடியில் இருந்தபோது நீ என்ன செய்தாய் என்று கேட்கப்பட்டால், சொல்வதற்கு நல்ல பதில் ஒன்று நம்மிடம் இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக.